யூவி டார்ச் முதல் கூலிங் கிளாஸ் வரை: புற ஊதாக் கதிரை வீட்டிலேயே சோதிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

கண்ணாடிக் கடைகளில் இப்போது வழக்கமாகிவிட்ட ஒரு காட்சி உண்டு. விற்பனையாளர் ஒரு சின்ன ஊதா லேசர் பேனாவை எடுத்து ஓர் அட்டையின் மேல் அடிப்பார். அட்டையில் நீலப் புள்ளி விழும். அப்புறம் நடுவில் ‘ப்ளூ கட்’ லென்ஸை வைத்து அடிப்பார். புள்ளி விழாது. “பாருங்க சார், யூவி ஃபுல்லா கட் ஆயிடுச்சு” என்பார். அந்தப் பேனாவிலிருந்து வருவது பெரும்பாலும் 405 நானோமீட்டர் அலைநீள ஒளி. புற ஊதா என்பது 400-க்குக் கீழேதான் தொடங்குகிறது. அதாவது அந்தச் சோதனையில் புற ஊதாக் கதிர் கலந்துகொள்ளவே இல்லை. லென்ஸ் நல்ல லென்ஸாகவே இருக்கலாம். ஆனால் அதை அந்தப் பேனா நிரூபிக்கவில்லை.

வீட்டில் செய்யும் சோதனைகளிலும் இதே இடத்தில்தான் பெரும்பாலானவர்கள் சறுக்குகிறார்கள். ஏதோ ஒன்று பளிச்சென்று ஒளிர்ந்தால் யூவி வருகிறது, ஒளிராவிட்டால் தடுத்துவிட்டது என்று முடிவு கட்டிவிடுகிறோம். எந்த விளக்கு எந்த அலைநீளத்தைத் தருகிறது, ஒளிரும் பொருள் எந்த அலைநீளத்துக்கு மசிகிறது என்ற இரண்டு கேள்விகளையும் முதலில் கேட்டுவிட்டால், சில நூறு ரூபாய்ச் சாமான்களை வைத்தே நம்பகமாகப் பலவற்றைக் கண்டுபிடிக்கலாம். எதைக் கண்டுபிடிக்க முடியாது என்பதும் தெரிந்துவிடும். உடல்நலம் சம்பந்தப்பட்ட விஷயத்தில் அதற்கும் அதே அளவு மதிப்பு உண்டு.

மூன்று பட்டைகள்

1801-இல் ஜெர்மனியைச் சேர்ந்த யோஹான் வில்ஹெல்ம் ரிட்டர், நிறமாலையில் ஊதாவுக்கும் அப்பால், கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத இடத்தில் வெள்ளி குளோரைடை வைத்துப் பார்த்தார். ஊதா ஒளியில் கறுத்ததைவிட வேகமாக அது அங்கே கறுத்தது. புற ஊதா பிடிபட்டது அப்படித்தான். இன்று அதை மூன்றாகப் பிரிக்கிறோம். 315 முதல் 400 நானோமீட்டர் வரை யூவி-ஏ, 280 முதல் 315 வரை யூவி-பி, 100 முதல் 280 வரை யூவி-சி.

சூரியனிடமிருந்து கிளம்பும் யூவி-சி முழுவதையும் வளிமண்டலம் விழுங்கிவிடுகிறது. யூவி-பியில் பெரும்பகுதியை ஓசோன் பிடித்துக்கொள்கிறது. நம்மை வந்தடைவதில் மிகப் பெரும்பங்கு யூவி-ஏ. தோல் கன்றிப்போவதற்கும், உடம்பில் வைட்டமின் டி உருவாவதற்கும் முக்கியக் காரணம் மிச்சமிருக்கும் அந்தக் கொஞ்சம் யூவி-பி. தோலின் ஆழத்துக்குப் போய்ச் சுருக்கமும் கருமையும் தருவதில் யூவி-ஏவுக்குப் பெரிய பங்கு. யூவி-சியை நாம் சந்திப்பது மனிதன் செய்த கருவிகளில் மட்டும்தான்: தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம், கிருமிநீக்கி விளக்கு, வெல்டிங் பொறி.

வீட்டுச் சோதனைகள் அநேகமாக எல்லாமே யூவி-ஏ சோதனைகள். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

வாங்க வேண்டியவை

முதல் செலவு ஒரு யூவி டார்ச். மலிவானவை 395 நானோமீட்டர். அடித்தால் ஊதா வெளிச்சம் பளீரென்று தெரியும். கொஞ்சம் கூடுதல் விலையில் 365 நானோமீட்டர் கிடைக்கும். முகப்பில் கறுப்புக் கண்ணாடி வடிகட்டி பொருத்தியதாகப் பார்த்து வாங்குங்கள். அதை வெறும் சுவரில் அடித்தால் அநேகமாக ஒன்றுமே தெரியாது. டார்ச் வேலை செய்யவில்லையோ என்றுகூடத் தோன்றும். ஆனால் வேட்டியில் பட்டால் துணி நீலமாக ஒளிரும். சோதனைக்கு இந்த 365-தான் வேண்டும். 395 டார்ச் வயலில் தேள் தேடவும், ஏசி காஸ் கசிவு பார்க்கவும் போதும்.

அடுத்தது நிறம் மாறும் யூவி மணிகள். ஆன்லைனில் பொட்டலமாக வரும். வீட்டுக்குள் வெள்ளையாக இருக்கும், வெயிலில் காட்டினால் சில நொடிகளில் ஊதா, மஞ்சள், சிவப்பு என்று மாறும், உள்ளே கொண்டுவந்தால் சில நிமிடங்களில் பழைய வெள்ளைக்குத் திரும்பும். வெப்பம் கூடினால் நிறம் வெளிறும் என்பதால், மணிகளை ஒப்பிடும்போது எல்லாம் ஒரே சூட்டில் இருக்க வேண்டும். ஒன்று மொட்டைமாடித் தரையிலும் இன்னொன்று நிழலிலும் கிடந்தால் ஒப்பீடு தப்பாகிவிடும்.

ஒரு டானிக் வாட்டர் (கசப்புச் சுவையுள்ள சோடா) பாட்டில், கொஞ்சம் ஏ4 தாள், மஞ்சள்தூள், சானிடைசர், ஒரு ஜன்னல் கண்ணாடித் துண்டு, ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் தெளிவான பாலிகார்பனேட் பாதுகாப்புக் கண்ணாடி. மல்டிமீட்டர் இருந்தால் ஒரு யூவி சென்சாரும் சேர்த்துக்கொள்ளலாம். அதைப் பின்னால் சொல்கிறேன்.

மொபைல் போனில் யூவி அளக்கும் ஆப் என்று இறக்காதீர்கள். பொதுவாகப் போனில் யூவி சென்சார் இருப்பதில்லை. அந்த ஆப்கள் உங்கள் ஊருக்கான வானிலைக் கணிப்பைத்தான் காட்டுகின்றன. ரிமோட்டின் அகச்சிவப்பைப் போன் கேமராவில் பார்ப்பதுபோல யூவியைப் பார்க்கவும் முடியாது. கேமராவின் லென்ஸும் வடிகட்டியுமே அதைத் தடுத்துவிடும்.

ஆரம்பிக்கும் முன்

365 டார்ச்சின் வெளிச்சம் கண்ணுக்கு மங்கலாகத் தெரிவதால்தான் ஆபத்து. பளிச்சென்ற வெளிச்சம் பட்டால் கண் தானாகச் சுருங்கும். இதில் அந்தத் தற்காப்பு வேலை செய்யாது. டார்ச்சை யார் முகத்திலும் அடிக்கக் கூடாது, நேராகப் பார்க்கக் கூடாது, கண்ணாடியிலோ எவர்சில்வர் தட்டிலோ பட்டுத் தெறித்து வருவதையும் பார்க்கக் கூடாது. பாலிகார்பனேட் கண்ணாடியைப் போட்டுக்கொண்டே வேலையைத் தொடங்குங்கள். குழந்தைகளோடு சேர்ந்து செய்வதென்றால் டார்ச் பெரியவர் கையில்தான் இருக்க வேண்டும்.

முதல் சோதனை: டார்ச் உண்மையில் யூவி தருகிறதா?

மூன்று சாட்சிகளைத் தயார் செய்யுங்கள். ஒரு கிண்ணத்தில் சானிடைசர் ஊற்றி ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் போட்டுக் கலக்கித் தெளியவிடுங்கள். மேலே நிற்கும் தெளிந்த மஞ்சள் திரவத்தை இன்னொரு கிண்ணத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். இது முதல் சாட்சி. இரண்டாவது ஏ4 தாள். மூன்றாவது ஒரு டம்ளர் டானிக் வாட்டர். பக்கத்தில் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு டம்ளர் சாதா சோடா.

அறையை இருட்டாக்குங்கள். போன் திரையில் முழு நீலப் படம் ஒன்றைத் திறந்து, அந்த வெளிச்சத்தில் மஞ்சள் திரவத்தைப் பாருங்கள். பச்சை கலந்த மஞ்சளில் ஒளிரும். போன் திரையிலிருந்து யூவி வருவதில்லை. மஞ்சளில் உள்ள குர்குமின் சாதாரண நீல ஒளியையே விழுங்கி ஒளிரக்கூடியது. ஹைலைட்டர் பேனா மையும் அப்படித்தான். ஆகவே மஞ்சள் ஒளிர்வதை வைத்து ஒரு விளக்கில் யூவி இருக்கிறது என்று சொல்ல முடியாது. இணையத்தில் சுற்றும் ‘யூவி டெஸ்ட்’ வீடியோக்களில் பாதி இங்கேயே அடிபட்டுப் போகும்.

இப்போது டார்ச்சை ஏ4 தாளில் அடியுங்கள். காகிதத்தை வெள்ளையாகக் காட்டச் சேர்க்கும் ஒளிர்வுப் பொருள் 365-இலும் 395-இலும் நீலமாக ஒளிரும். சலவைத்தூளில் துவைத்த வெள்ளைத் துணி மின்னுவதும் இதே வகைப் பொருளால்தான்.

அப்புறம் டானிக் வாட்டர். இதிலுள்ள குயினின், அதாவது நம் தாத்தாக்கள் மலேரியாவுக்குக் குடித்த கொயினா, 350 நானோமீட்டரை ஒட்டிய ஒளியை நன்றாக விழுங்கும். 400-ஐ நெருங்க நெருங்க அலட்சியம் காட்டும். 365 டார்ச் என்றால் டம்ளர் முழுக்கப் பளிங்கு நீலம் எழும். 395 என்றால் மங்கலாக, டார்ச்சின் சொந்த ஊதாவோடு கலந்து தெரியும். பக்கத்திலிருக்கும் சோடா எதிலும் ஒளிராது. சந்தேகமாக இருந்தால் ஒரு தேக்கரண்டி சமையல் உப்பை டானிக் வாட்டரில் போட்டுக் கலக்குங்கள். நீலம் கண்ணெதிரே அடங்கிப்போகும். உப்பிலுள்ள குளோரைடு, குயினினின் ஒளிர்வைத் தணித்துவிடும். நீங்கள் பார்த்தது டார்ச்சின் வெளிச்சம் திரவத்தில் சிதறியதல்ல, உண்மையான ஒளிர்வுதான் என்பதற்கு இதைவிட எளிய நிரூபணம் இல்லை.

குயினின் கரைசல் வெயிலில் நீலம் காட்டுவதை 1845-இல் ஜான் ஹெர்ஷல் எழுதிவைத்தார். அதற்குக் காரணம் கண்ணுக்குத் தெரியாத கதிர்தான் என்று 1852-இல் ஜார்ஜ் ஸ்டோக்ஸ் விளக்கினார். அந்தக் குயினினை எடுக்கும் சின்கோனா மரங்களை நீலகிரியில் பிரிட்டிஷ் அரசு தோட்டம் போட்டு வளர்த்தது. நடுவட்டத்தில் அதற்குத் தொழிற்சாலையே இருந்தது.

ரூபாய் நோட்டும் ஒரு நல்ல சாட்சி. ஏ4 தாளைப் போலன்றி நோட்டின் காகிதம் மங்கலாகவே இருக்கும். வரிசை எண், உள்ளே சிதறிக் கிடக்கும் மெல்லிய இழைகள் போன்றவை மட்டும் ஒளிரும். காகிதம் முழுக்க நீலமாக எரிந்தால் நோட்டைச் சந்தேகிக்கலாம். ஆனால் சட்டைப்பையில் இருந்தபடி சலவைத்தூளில் ஊறிய நல்ல நோட்டும் அப்படி எரியும்.

கூலிங் கிளாஸ்: நிதானமாகச் செய்ய வேண்டிய சோதனை

கறுப்பாக இருந்தால் பாதுகாப்பு என்று நினைப்பது இந்த விஷயத்திலேயே மிக ஆபத்தான தவறு. கறுப்பு லென்ஸுக்குப் பின்னால் கண்ணின் பாப்பா விரியும். லென்ஸ் யூவியைத் தடுக்கவில்லையென்றால், விரிந்த பாப்பா வழியாகக் கூடுதல் யூவி உள்ளே போகும். யூவியைத் தடுப்பது நிறம் அல்ல. லென்ஸின் பொருளும் அதில் கலந்த அல்லது பூசிய யூவி உறிஞ்சியும்தான். நிறமே இல்லாத பாலிகார்பனேட் பவர் கண்ணாடி 380 நானோமீட்டர் வரை கிட்டத்தட்ட எல்லாவற்றையும் தடுக்கும். கனமான பழைய கண்ணாடி லென்ஸ்களில் யூவி-ஏ நன்றாகவே ஊடுருவும்.

1. அறையை இருட்டாக்கி, டானிக் வாட்டர் டம்ளரை மேசையில் வையுங்கள். 365 டார்ச்சை ஒரு சாண் உயரத்தில் புத்தக அடுக்கிலோ ஸ்டாண்டிலோ நிலையாகப் பொருத்துங்கள். கையில் பிடித்தால் தூரம் மாறி ஒப்பீடு கெடும்.

2. லென்ஸை டார்ச்சுக்கும் டம்ளருக்கும் நடுவில் வையுங்கள். உங்கள் கண்ணுக்கும் டம்ளருக்கும் நடுவில் அல்ல. இதைத் தவறவிட்டால் சோதனையே வீண். கண்ணருகே வைத்தால் கறுப்பு லென்ஸ் நீல ஒளிர்வை மங்கலாக்கிக் காட்டும்; யூவி தடைபட்டதாக ஏமாறுவீர்கள். டம்ளரைப் பக்கவாட்டிலிருந்து, நடுவில் எதுவும் இல்லாமல் பாருங்கள்.

3. முதலில் ஜன்னல் கண்ணாடித் துண்டை வையுங்கள். நீலம் கொஞ்சம்தான் குறையும். அடுத்து பாலிகார்பனேட் பாதுகாப்புக் கண்ணாடியை வையுங்கள். அணைந்துவிடும். இவை இரண்டும்தான் உங்கள் அளவுகோலின் இரு முனைகள். இவற்றைப் பார்க்காமல் கூலிங் கிளாஸுக்குப் போகாதீர்கள்.

4. இப்போது கூலிங் கிளாஸ். நீலம் முழுவதும் அணைந்தால் 365-இல் அந்த லென்ஸ் தேறிவிட்டது. மங்கலாகவாவது தெரிந்தால், கறுப்புச் சாயம் கொஞ்சத்தைத் தடுக்கிறதே தவிர யூவி உறிஞ்சி சரியாக இல்லை என்று பொருள். இரண்டு லென்ஸையும் தனித்தனியாகப் பாருங்கள்.

5. டார்ச் வெளிச்சம் லென்ஸின் ஓரத்தைச் சுற்றிக் கசியாமலிருக்க, கறுப்பு அட்டையில் லென்ஸைவிடச் சின்ன ஓட்டை போட்டு அதன்மேல் லென்ஸை வைப்பது நல்லது.

365-இல் தேறிய லென்ஸ் யூவி-பியில் தோற்குமா? லென்ஸ் செய்யப் பயன்படும் வழக்கமான பொருட்கள் அலைநீளம் குறையக் குறைய இன்னும் அதிகமாகத்தான் விழுங்குகின்றன. எனவே யூவி-பி பற்றிய கவலை வேண்டாம். 370 முதல் 400 வரையிலான மேல் ஓரம்தான் இந்தச் சோதனைக்கு எட்டாது. ‘யூவி 400’ என்று அச்சிட்டிருப்பது அந்த ஓரத்தையும் தடுக்கிறோம் என்ற வாக்குறுதி. 395 டார்ச்சால் ஏ4 தாளை வைத்து அதையும் ஓரளவு பார்க்கலாம்: யூவி 400 லென்ஸ் பெரும்பகுதியைத் தடுத்துவிடும், 380 வரை மட்டும் தடுக்கும் லென்ஸில் ஊதா தாராளமாக வரும். ஆனால் 395 டார்ச்சின் ஒளி 400-ஐத் தாண்டியும் பரவியிருப்பதால் கொஞ்சம் கசிவதை வைத்து லென்ஸை நிராகரிக்காதீர்கள்.

தேறிய கண்ணாடியானாலும் அதைப் போட்டுக்கொண்டு சூரியனையோ கிரகணத்தையோ பார்க்கக் கூடாது. மூக்குக்கும் கண்ணுக்கும் பக்கவாட்டில் பெரிய இடைவெளி விட்டிருக்கும் சட்டகத்தில், எவ்வளவு நல்ல லென்ஸ் இருந்தாலும் ஓரம் வழியாக யூவி வந்துகொண்டுதான் இருக்கும்.

ஜன்னல், கார்

யூவி மணிகளை இரண்டு நூலில் கோத்து, ஒன்றை மூடிய ஜன்னலுக்கு உள்ளே வெயில் படும் இடத்திலும் இன்னொன்றை வெளியிலும் தொங்கவிடுங்கள். உள்ளே இருப்பதும் நிறம் மாறும், சற்று வெளிறியபடி. சாதாரணக் கண்ணாடி யூவி-பியைக் கிட்டத்தட்ட முழுவதும் தடுக்கும், யூவி-ஏவில் பெரும்பகுதியை விட்டுவிடும். ஜன்னலோரம் உட்கார்ந்து காலை வெயில் வாங்குகிறவர்களுக்கு வைட்டமின் டி கிடைக்காது, கருமை மட்டும் கிடைக்கும் என்பதன் காரணம் இதுதான்.

காரில் இதைவிடச் சுவாரசியம். முன்கண்ணாடி இரண்டு தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது; யூவி-ஏவையும் அது அநேகமாக முழுக்க நிறுத்திவிடும். பக்கக் கண்ணாடிகள் பல கார்களில் வெறும் கெட்டிப்படுத்திய கண்ணாடி. டாஷ்போர்டில் சில மணிகள், பக்க ஜன்னலில் சில மணிகள் என்று வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். வெயிலில் தானாகக் கறுக்கும் போட்டோக்ரோமிக் கண்ணாடி போடுகிறவர்கள், கார் ஓட்டும்போது அது கறுப்பதில்லையே என்று குறைபட்டுக்கொள்வார்கள். கண்ணாடியில் கோளாறில்லை, முன்கண்ணாடி யூவியைத் தடுத்துவிட்டது. அதே கண்ணாடியைக் கழற்றிப் பக்க ஜன்னல் வெயிலில் காட்டிப் பாருங்கள்.

2012-இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் 69 வயது அமெரிக்க ஓட்டுநர் ஒருவரின் படம் வந்தது. 28 ஆண்டுகள் டெலிவரி லாரி ஓட்டியவர். ஜன்னல் பக்கமிருந்த இடது கன்னம் ஆழமாகச் சுருங்கித் தொங்கியிருந்தது, வலது கன்னம் வயதுக்கேற்ப மட்டுமே இருந்தது. நம் ஊர் பஸ், லாரி ஓட்டுநர்களுக்கு ஜன்னல் வலப்பக்கம். அவர்களும் டாக்ஸி ஓட்டுகிறவர்களும் முழுக்கைச் சட்டையை அலட்சியம் செய்யக் கூடாது.

சன்ஸ்கிரீன்

டப்பாவில் போட்டிருக்கும் எஸ்.பி.எஃப். எண் முக்கியமாக யூவி-பியால் தோல் கன்றுவதைத் தடுக்கும் அளவு. எஸ்.பி.எஃப். 15 அதில் சுமார் 93 சதவீதத்தைத் தடுக்கும், 30 சுமார் 97, 50 சுமார் 98. பக்கத்தில் பி.ஏ. என்று போட்டுக் கூட்டல் குறிகள் இருந்தால் அது யூவி-ஏவுக்கானது. வீட்டு டார்ச் யூவி-ஏ மட்டும் தருவதால், எஸ்.பி.எஃப்.-ஐ வீட்டில் சோதிக்கவே முடியாது. ஆனால் யூவி-ஏ பாதுகாப்பு இருக்கிறதா இல்லையா என்பதை நன்றாகப் பார்க்கலாம்.

தெளிவான ஓ.எச்.பி. பிளாஸ்டிக் தாளில் 10 சென்டிமீட்டர் சதுரம் வரைந்துகொள்ளுங்கள். ஆய்வகத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசித்தான் எஸ்.பி.எஃப். கணக்கிடுகிறார்கள், அந்தக் கணக்கில் இந்தச் சதுரத்துக்கு 0.2 கிராம். நகைத் தராசு இருந்தால் எடை போட்டுப் பூசிப் பாருங்கள். எவ்வளவு தடிமனாக இருக்கிறது என்று திகைப்பீர்கள். நாம் வழக்கமாகப் பூசுவது அதில் பாதிகூட இருக்காது, அதனால் கிடைக்கும் பாதுகாப்பும் டப்பாவில் போட்டதைவிட மிகக் குறைவு. பக்கத்தில் இன்னொரு சதுரத்தில் சாதாரண மாய்ஸ்சரைசரைப் பூசுங்கள். கால் மணி நேரம் காயவிட்டு, ஏ4 தாளுக்குச் சற்று மேலே பிடித்து 365 டார்ச்சை அடியுங்கள். மாய்ஸ்சரைசர் சதுரத்தின் கீழே தாள் நீலமாகவே இருக்கும். நல்ல யூவி-ஏ வடிகட்டி உள்ள சன்ஸ்கிரீன் சதுரத்தின் கீழே கறுப்பு நிழல் விழும். ஜிங்க் ஆக்சைடு, அவோபென்சோன் இரண்டும் இப்படிக் கறுப்பாகத் தெரியும். ஆக்டினாக்சேட் மட்டும் உள்ள கிரீம் 310-ஐ ஒட்டிய யூவி-பியைத்தான் பிடிக்கும், எனவே 365-இல் நிழல் சரியாக விழாது. அந்தக் கிரீம் போலி என்று அர்த்தமில்லை, யூவி-ஏவுக்கு உதவாது என்றுதான் அர்த்தம்.

நிழலில் திட்டுத்திட்டாக நீலம் தெரிந்தால் கிரீம் சீராகப் பரவவில்லை. அதே கிரீமை உள்ளங்கையில் தேய்த்துப் பூசுவதற்கும் புள்ளி புள்ளியாக வைத்துப் பரப்புவதற்கும் உள்ள வித்தியாசத்தை இந்தத் தாளில் பார்த்தால், அடுத்த முறை பூசும் கை தானாகவே மாறும். போன வருஷத்து டியூப், காரில் வெயிலில் கிடந்த டியூப் இவற்றையும் புதிய டியூபோடு ஒப்பிடலாம். முகத்தில் பூசிவிட்டு டார்ச் அடித்துப் பார்க்கும் யோசனை வேண்டாம்.

வெயில், துணி, குடை

கருவியே வேண்டாத சோதனை நிழல். உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் சூரியன் 45 பாகைக்கு மேலே இருக்கிறது, யூவி அதிகம். தமிழ்நாட்டில் மார்கழி உச்சி வேளையிலும் நிழல் உயரத்தைவிடக் குட்டைதான். டிசம்பர் 21-இல் சென்னையில் உச்சிச் சூரியன் 53 பாகைக்கு மேலே நிற்கும். ஏப்ரல் 24-ஐயும் ஆகஸ்ட் 18-ஐயும் ஒட்டிச் சென்னையில் உச்சியில் நிழலே இருக்காது. பனிக்காலம் என்று யூவி நமக்கு விடுமுறை தருவதில்லை.

சூடும் யூவியும் ஒன்றல்ல. ஊட்டி 2,200 மீட்டருக்கு மேலே இருக்கிறது. ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் யூவி சுமார் 10 சதவீதம் கூடும். குளிரில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு முகம் கறுத்துத் திரும்புவது அதனால்தான். மெல்லிய மேகத்தின் வழியாகவும் பெரும்பகுதி யூவி இறங்கிவிடும்.

எண்ணாகவே பார்க்க விரும்பினால் ஜி.யூ.வி.ஏ.-எஸ்12எஸ்.டி. என்ற சென்சார் பலகை வாங்குங்கள். சென்னையில் ரிச்சி தெருவில் தேடலாம், ஆன்லைனிலும் உண்டு. 240 முதல் 370 நானோமீட்டர் வரை உணரும். இரண்டு ஏஏ பேட்டரியின் 3 வோல்ட்டை அதற்குக் கொடுத்து, வெளியீட்டுக் காலை மல்டிமீட்டரில் டிசி வோல்ட்டில் அளந்தால் போதும், ஆர்டுயினோ போன்ற மின்னணுப் பலகை தேவையில்லை. வந்த வோல்ட்டை 0.1-ஆல் வகுத்தால் தோராயமான யூவி குறியீடு: 0.8 வோல்ட் என்றால் 8. குறியீட்டில் 3-க்குக் கீழே குறைவு, 6-லிருந்து அதிகம், 8-லிருந்து மிக அதிகம், 11-லிருந்து உச்சம். சென்சாரை பிளாஸ்டிக் டப்பாவுக்குள்ளோ கண்ணாடிக்குப் பின்னாலோ வைக்காதீர்கள். சூரியனை நோக்கித் திருப்பாமல் வானத்தைப் பார்த்துப் படுக்கையாக வையுங்கள்.

இந்தச் சென்சார் இருந்தால் துணிச் சோதனை எளிது. உச்சி வெயிலில் வெறுமையாக ஓர் அளவு, துணியை மேலே விரித்து ஓர் அளவு. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் துணியின் தடுப்புத் திறன் தோராயமாகக் கிடைக்கும். வெறுமையாக 1.0, துணியோடு 0.1 என்றால் 10. அதாவது பத்தில் ஒரு பங்கு ஊடுருவுகிறது. அதே துணியை நனைத்துப் பிழிந்து மறுபடி அளந்து பாருங்கள். வெள்ளைப் பருத்தி டி-ஷர்ட்டின் தடுப்பு எண் சுமார் 7, நனைந்தால் 3-க்கு இறங்கிவிடும். வியர்வையில் நனைந்த சட்டையோடு வயலில் நிற்பவருக்கும், மெரினாவில் அலையில் நனைந்து விளையாடும் பிள்ளைக்கும் இது பொருந்தும். நெருக்கமாக நெய்த அடர்நிறத் துணியும் ஜீன்ஸும் கிட்டத்தட்ட எதையும் விடாது.

குடைக்கும் இதே முறை. 2013-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அளந்தபோது சாதாரணக் கைக்குடைகள் 77 முதல் 99 சதவீதம் வரை தடுத்தன. கறுப்புக் குடைகள் எல்லாமே 90-க்கு மேல். தாத்தாவின் கறுப்புக் குடை நல்ல யூவி கருவி என்று தயங்காமல் சொல்லலாம். குடைக்குக் கீழே சென்சாரை முகத்தின் உயரத்தில் பக்கவாட்டாகத் திருப்பிப் பார்த்தால் எண் ஏறும். திறந்த வானத்திலிருந்தும் மணலிலிருந்தும் சிதறி வரும் யூவி அது. கடற்கரை மணல் சுமார் 15 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும்.

மாநிறம் அல்லது கறுப்புத் தோல் உள்ளவர்களுக்குக் கன்றுவது குறைவு என்பது உண்மை. கண்ணுக்கு அந்தச் சலுகை இல்லை. கண்புரைக்கு யூவியும் ஒரு காரணம். எனவே இத்தனை சோதனைகளில் ஒன்றுதான் செய்ய நேரமிருக்கிறது என்றால் கூலிங் கிளாஸ் சோதனையைச் செய்யுங்கள்.

யூவி-சி: திறந்து பார்க்கக் கூடாத விளக்கு

தண்ணீர் சுத்திகரிப்பு இயந்திரத்தின் உள்ளே இருப்பது 254 நானோமீட்டர் தரும் பாதரச விளக்கு. இதைத் திறந்து, எரிகிறதா என்று எட்டிப் பார்க்காதீர்கள். கண்ணுக்குத் தெரியும் நீல வெளிச்சம் பாதரசத்தின் உபரி ஒளி. கிருமியைக் கொல்லும் கதிர் கண்ணுக்குத் தெரியாது. ஓராண்டு ஓடிய விளக்கும் புதிது போலவே நீலமாக எரியும், கொல்லும் கதிர் மட்டும் குறைந்திருக்கும். அதனால் வெளிச்சத்தை வைத்து இதைச் சோதிக்க வழியில்லை. உற்பத்தியாளர் சொன்ன மணிக்கணக்கில் விளக்கை மாற்றுவதுதான் வழி. கடின நீர் உள்ள பகுதிகளில், விளக்கைச் சுற்றியுள்ள குவார்ட்ஸ் குழாயில் உப்புப் படியும். படிந்தால் கதிர் தண்ணீரை எட்டாது. சர்வீஸுக்கு வருபவரிடம் அதைக் கழற்றித் துடைக்கச் சொல்லுங்கள், விளக்கு மின் இணைப்பு துண்டித்த பிறகுதான் வெளியே வர வேண்டும். அவர் கையிலிருக்கும் டி.டி.எஸ். மீட்டர் கரைந்த உப்பைத்தான் அளக்கிறது. யூவியைப் பற்றியோ கிருமியைப் பற்றியோ அது ஒன்றும் சொல்லாது.

ஒளிக்குப் பதிலாக விளைவைச் சோதிக்கலாம். குடிநீர்ச் சோதனையில் பயன்படும் ஹெச்2எஸ் குப்பி என்று ஒன்று கிடைக்கும். அதில் சுத்திகரித்த தண்ணீரைக் குறித்த கோடு வரை ஊற்றி மூடி, அறை வெப்பத்தில் ஒன்றிரண்டு நாள் வையுங்கள். கறுத்தால் மலக் கலப்பைக் காட்டும் கிருமிகள் இருக்கலாம். தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள், இயந்திரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கொரோனா காலத்தில் யூவி-சி கோல், யூவி-சி பெட்டி என்று நிறைய விற்றார்கள். அவற்றில் சில வெறும் ஊதா எல்இடி. சோதிக்க வேண்டுமென்றால் 254 நானோமீட்டருக்கு நிறம் மாறும் யூவி-சி அட்டைகள் கிடைக்கின்றன. அட்டையில் பாதியைச் சாதாரணக் கண்ணாடித் துண்டால் மூடி, பெட்டிக்குள் வைத்து, பெட்டியை முழுக்க மூடிய பிறகு விளக்கைப் போடுங்கள், அணைத்த பிறகு திறங்கள். மூடாத பாதி மட்டும் மாறியிருந்தால் உண்மையான யூவி-சி. கண்ணாடி அதைக் கடக்கவிடாது. இரண்டு பாதியும் மாறியிருந்தால் வேறு ஏதோ ஒளிதான் அட்டையை மாற்றுகிறது. கோல் வடிவ விளக்கைத் திறந்தவெளியில் சோதிக்க வேண்டாம். கையையோ தோலையோ யூவி விளக்கால் சுத்தம் செய்யக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனமே எச்சரித்திருக்கிறது.

யூவி-சியோ வெல்டிங் பொறியோ கண்ணில் பட்டால் அப்போதைக்கு ஒன்றும் தெரியாது. 6 முதல் 12 மணி நேரம் கழித்து, பெரும்பாலும் நள்ளிரவில், கண்ணில் மணலை வாரிப் போட்டதுபோல உறுத்தும், நீர் கொட்டும், வெளிச்சத்தைப் பார்க்க முடியாது. அப்படி ஆனால் கண்ணைத் தேய்க்காமல், கான்டாக்ட் லென்ஸ் இருந்தால் கழற்றிவிட்டு, இருட்டறையில் இருந்து, காலையில் முதல் வேலையாகக் கண் மருத்துவரிடம் போங்கள். உருளைக்கிழங்கு வில்லை வைப்பது, தாய்ப்பால் விடுவது, பட்டறையில் யாரோ தந்த மரப்புச் சொட்டு மருந்தைத் திரும்பத் திரும்ப விடுவது இவற்றில் எதையும் செய்யாதீர்கள். மரப்புச் சொட்டு வலியை மறைக்கும், கருவிழி ஆறுவதைத் தடுக்கும். எந்த விளக்கு, எவ்வளவு நேரம், எவ்வளவு தூரத்தில் என்பதை மருத்துவரிடம் சொல்ல முடிந்தால் அவர் வேலை எளிதாகும்.